0.727: ஒரு யூனிட் மின்சாரத்தின் கார்பன் கணக்கு

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.727 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 2023-24 நிதியாண்டுக்கு மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட இந்திய கிரிட்டின், அதாவது நாடு தழுவிய மின்கட்டமைப்பின், சராசரி இது. அதற்கு முந்தைய ஆண்டு 0.716. நாடெங்கும் சோலார் பலகைகள் ஏறிக்கொண்டிருந்த ஆண்டில் இந்த எண் இறங்காமல் ஏறியிருக்கிறது. 2023-ல் தென்மேற்குப் பருவமழை சரியாகப் பெய்யவில்லை. நீர்மின் உற்பத்தி சுமார் 16,200 கோடி யூனிட்டிலிருந்து 13,400 கோடிக்கு விழுந்தது. மின்தேவையோ கூடிக்கொண்டே போனது. விழுந்ததையும் கூடியதையும் பெரும்பாலும் நிலக்கரிதான் ஈடுகட்டியது.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை ஆண்டுக்கு 1.12 கோடி யூனிட்டை கிரிட் வழியாக எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோட்டாரைக்கூட மாற்றவில்லை, ஒரு ஷிப்டைக்கூடக் கூட்டவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு அறிக்கையில் உமிழ்வு 123 டன் கூடிவிடும். சராசரி எண் 0.011 ஏறியதால் வந்த டன் அது. மில்லின் நிர்வாகி இதைத் தன் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. அதே மாதிரி, அடுத்து நல்ல மழை பெய்து எண் இறங்கினால் அதைத் தன் சாதனையாகவும் எழுதிக்கொள்ளக் கூடாது.

மின்சாரத்தின் கார்பன் கணக்கில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். தூய யூனிட் ஒன்றை ஒருவர் மட்டும், ஒரே முறை, அது உற்பத்தியான நேரத்தை ஒட்டி எண்ண வேண்டும். இந்தியாவில் இப்போது பழக்கத்தில் இருக்கும் கணக்கு முதல் இரண்டைப் பாதிதான் கவனிக்கிறது. மூன்றாவதைக் கவனிப்பதே இல்லை.

எண் எப்படிப் பிறக்கிறது

2025 ஜூன் கடைசியில் இந்தியாவின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவ எரிபொருள் சாராதது என்று அரசு அறிவித்தது. அது உண்மை. ஆனால் உமிழ்வுக் கணக்கு மெகாவாட்டில் நடப்பதில்லை, யூனிட்டில் நடக்கிறது. ஒரு மெகாவாட் சோலார், ஆண்டு சராசரியில் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் தரும். நிலக்கரி நிலையங்கள் 70 சதவீதத்தை ஒட்டி ஓடுகின்றன. அதனால்தான் திறனில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்ட நிலக்கரி, நாம் பயன்படுத்தும் யூனிட்டில் இன்னமும் ஏறத்தாழ முக்கால்வாசியைத் தருகிறது. நிறுவுதிறன் சதவீதத்தை எடுத்து 'எங்கள் மின்சாரத்தில் பாதி பசுமை' என்று எழுதும் அறிக்கைகளை முதல் வரியிலேயே திருத்த வேண்டும்.

நிலக்கரி யூனிட் ஒன்றின் கணக்கைக் கையாலேயே போட்டுவிடலாம். 500 மெகாவாட் அலகு ஒன்று, ஜெனரேட்டர் முனையில் ஒரு யூனிட் எடுக்க சுமார் 2,400 கிலோகலோரி வெப்பம் கேட்கிறது. கிலோகலோரியை 4.1868-ஆல் பெருக்கினால் கிலோஜூல். ஆக ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 10.05 மெகாஜூல். இந்திய நிலக்கரி, மொத்த வெப்ப மதிப்பின் அடிப்படையில், ஒரு மெகாஜூலுக்குச் சுமார் 90 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடும். பெருக்கினால் 905 கிராம். இது ஜெனரேட்டர் முனையில். நிலக்கரியை அரைக்கும் மில், காற்றுத் தள்ளும் விசிறிகள், கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்புகள் எல்லாம் நிலையத்துக்குள்ளேயே 6 சதவீதத்தைத் தின்றுவிடும். 0.94-ஆல் வகுத்தால் 962 கிராம். கம்பிக்கு வரும் ஒரு யூனிட்டின் உண்மையான சுமை இதுதான்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு இதே கணக்கைப் போட்டால் எண் எகிறும். ஈரம் அதிகம் என்பதால் வெப்பத் தேவை 2,750 கிலோகலோரி வரை போகும். மெகாஜூலுக்கு 106 கிராமை ஒட்டிய உமிழ்வு, உள்செலவு 10 சதவீதம். யூனிட்டுக்கு 1.3 கிலோவைத் தாண்டிவிடும். நல்ல கூட்டுச் சுழற்சி எரிவாயு நிலையம் 0.43 கிலோவை ஒட்டி நிற்கும். காற்று, சூரியன், நீர், அணு நான்குக்கும் ஆணையத்தின் கணக்கில் பூஜ்யம். ஒவ்வொரு நிலையத்தின் உமிழ்வையும் கூட்டி, கம்பிக்கு வந்த நிகர யூனிட்டால் வகுத்தால் 0.727 வருகிறது.

இந்த எண்ணுக்குள் இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலைகள் தமக்கென்று வைத்திருக்கும் கேப்டிவ் அனல்மின் நிலையங்கள் இதில் இல்லை. அலுமினிய ஆலைகளின் பெரிய கொதிகலன்கள் எல்லாம் அந்தக் கூட்டம்தான். நீர்மின் நிலையமானால் 3 மெகாவாட்டுக்கு மேலும், மற்றவை 10 மெகாவாட்டுக்கு மேலும் இருந்தால்தான் சேர்க்கிறார்கள். புகைபோக்கியில் வரும் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே எண்ணப்படுகிறது. சுரங்கத்தில் கசியும் மீத்தேன், நிலக்கரியைச் சுமந்துவரும் ரயில், கம்பியில் போகும் இழப்பு எதுவும் இதில் சேராது. கம்பி இழப்பை 'ஸ்கோப் 2'-ல், அதாவது வாங்கிய மின்சாரத்தின் உமிழ்வுக் கணக்கில், ஏற்றி எண்ணைப் பெருக்கிவிடும் தாள்கள் நிறைய உண்டு. கிரிட் மின்சாரத்தை வாங்குகிறவருக்கு அது 'ஸ்கோப் 3'-ல், அதாவது மற்ற மறைமுக உமிழ்வுகளில், மூன்றாவது வகைக்குப் போக வேண்டியது.

ஒரு காலத்தில் தெற்குக்குத் தனி எண் இருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென் கிரிட் நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. பிறகு ஆணையம் நாடு முழுமைக்கும் ஒரே எண்ணுக்கு மாறியது. தமிழ்நாட்டில் காற்றாலை அதிகம், ஆகவே எங்களுக்கு எண் குறைவு என்று மாநில அளவில் ஒரு காரணியைத் தாங்களே செய்துகொள்வது இதனால்தான் ஏற்கப்படுவதில்லை. ஜூலையில் முப்பந்தலில் பிறந்த யூனிட் கர்நாடகத்துக்கும் போகிறது. ஜனவரி மாலையில் சத்தீஸ்கரின் நிலக்கரி யூனிட் இங்கே வருகிறது.

சராசரி வேறு, தவிர்த்தது வேறு

ஆணையத்தின் அதே தரவுத்தளத்தில் இன்னும் மூன்று எண்கள் இருக்கின்றன. ஆப்பரேட்டிங் மார்ஜின் என்பது நீர், அணு, காற்று, சூரியன் போன்றவற்றை ஒதுக்கிவிட்டு, தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் நிலையங்களின் சராசரி. பில்ட் மார்ஜின் என்பது அண்மையில் கட்டியவற்றில், மொத்த உற்பத்தியில் 20 சதவீதம் தரும் நிலையங்களின் சராசரி. இரண்டையும் கலந்தது கம்பைண்ட் மார்ஜின். காற்று, சூரியத் திட்டங்களுக்கு முதலாவது 75 சதவீதம், இரண்டாவது 25 சதவீதம் என்று கலப்பார்கள். மற்றவற்றுக்கு வழக்கமாகப் பாதிக்குப் பாதி.

கார்பன் கிரெடிட்டுக்காக ஒரு சோலார் திட்டம் எவ்வளவு உமிழ்வைத் தவிர்த்தது என்று கேட்டால் கம்பைண்ட் மார்ஜின் வேண்டும். ஒரு ஆலை இந்த ஆண்டு எவ்வளவு உமிழ்வுக்குக் காரணமானது என்று கேட்டால் சராசரி எண் வேண்டும். முதல் விடையை இரண்டாவதிலிருந்து கழிப்பது பெரும்பிழை. கூரையில் சோலார் போட்ட ஆலைக்கு வாங்கும் யூனிட் குறைந்ததால் உமிழ்வு ஏற்கெனவே குறைந்திருக்கும். அதன் மேல் 'தவிர்த்த டன்' என்று இன்னொரு வரி எழுதிக் கழித்தால் ஒரே யூனிட்டுக்கு இரண்டு முறை பெருமை எடுத்ததாகும். தவிர்த்ததைச் சொல்ல ஆசைப்பட்டால் தனிப் பக்கத்தில் சொல்லலாம், மொத்தத்தைத் தொடக் கூடாது.

சோலார் யூனிட் ஏறினால் அதே அளவு நிலக்கரி உமிழ்வு அப்படியே மறையும் என்பதும் சரியில்லை. பகலில் நிலக்கரி அலகை 55 சதவீதம் வரை இறக்குகிறார்கள், அணைப்பதில்லை. மாலை 6 மணிக்கு மறுபடி வேண்டுமே. குறைந்த சுமையில் கொதிகலனின் திறன் கெடும். 55 முதல் 65 சதவீதச் சுமையில் ஓடும்போது உயர் அழுத்தத்தில் ஓடும் புதிய சூப்பர்கிரிட்டிகல் அலகுக்கு 3 சதவீதம், பழைய சப்கிரிட்டிகல் அலகுக்கு 6 சதவீதம் கூடுதல் வெப்பச் செலவை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையமே ஒப்புக்கொண்டு ஈடு கொடுத்திருக்கிறது. அப்போது மேலே பார்த்த 962 கிராம் 1,020-ஐத் தொடும். சோலார் மிச்சப்படுத்துவது நிஜம்தான். மிச்சத்தில் ஒரு சிறு பங்கு கொதிகலனிலேயே போய்விடுகிறது, அவ்வளவுதான்.

பல தாள்களில் இன்னமும் 0.82 என்ற எண் உட்கார்ந்திருக்கிறது. பத்தாண்டுக்கு முந்தைய சராசரி அது. 0.727-க்குப் பதிலாக அதைப் போட்டுச் சோலாரின் பலனைச் சொன்னால் 13 சதவீதம் ஊதிச் சொல்கிறீர்கள். ஆணையம் ஓர் ஆண்டின் எண்ணை அடுத்த நிதியாண்டின் பின்பாதியில்தான் வெளியிடும். அறிக்கை எழுதும் மே, ஜூன் மாதங்களில் கையில் இருப்பது பழைய எண்ணாகவே இருக்கும். அதில் தவறில்லை. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று எழுதிவிட்டு, புதியது வந்ததும் திருத்த வேண்டும்.

ஒரு மில்லின் கணக்கு

பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, பெரிய 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு, நீடித்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியது. பட்டியலில் இல்லாத திருப்பூர், கோவை ஆலைகளையும் அவர்களிடம் வாங்குகிற கம்பெனிகள் இப்போது எண் கேட்கின்றன. பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிட உலகம் முழுக்கப் பயன்படும் விதித்தொகுப்பான ஜி.எச்.ஜி. புரோட்டோகாலின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டி 'ஸ்கோப் 2'-க்கு இரண்டு விடைகளைக் கேட்கிறது. ஒன்று இருப்பிட முறை, அதாவது கிரிட்டின் சராசரியை அப்படியே போடுவது. இன்னொன்று சந்தை முறை, யாரிடமிருந்து என்ன ஒப்பந்தத்தில் வாங்கினோம் என்பதைப் பார்ப்பது. இரண்டையும் அருகருகே காட்ட வேண்டும்.

மேலே சொன்ன நூற்பாலையையே எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஆண்டுத் தேவை 1.2 கோடி யூனிட். கூரையில் 600 கிலோவாட் சோலார், அதிலிருந்து 8 லட்சம் யூனிட். பல ஆலைகள் பங்கு போட்டுத் தமக்கென்று வைத்திருக்கும் குரூப் கேப்டிவ் காற்றாலையிலிருந்து வீலிங் மூலம், அதாவது வாரியத்தின் கம்பி வழியாக, வந்து சேர்ந்தது 70 லட்சம். மிச்சம் 42 லட்சம் மின்வாரியத்தின் கரண்ட்.

இருப்பிட முறையில் மீட்டருக்குப் பின்னால் பயன்பட்ட 8 லட்சம் மட்டும் பூஜ்யம். கம்பி வழியாக வந்த 112 லட்சம் யூனிட்டையும், காற்றாலை யூனிட் உட்பட, 0.727-ஆல் பெருக்க வேண்டும். 8,142 டன். காற்றாலை முதலாளிகளுக்கு இது கசக்கும். ஆனால் அந்தக் காற்று ஏற்கெனவே நாட்டின் சராசரிக்குள் கலந்து 0.727-ஐக் கொஞ்சம் கீழே இழுத்திருக்கிறது. இங்கே மறுபடி கழித்தால் இரட்டை எண்ணிக்கை. சந்தை முறையில் அந்த 70 லட்சத்துக்குப் பூஜ்யம் போடலாம், 42 லட்சத்துக்கு 3,053 டன்.

இந்த மில்லின் பில்லில் வழுக்கும் இடங்கள் சில உண்டு. காற்றாலை மீட்டரில் காட்டிய உற்பத்தியை எடுக்கக் கூடாது. வீலிங் இழப்பு கழித்து வாரியம் ஆலையின் கணக்கில் சரிக்கட்டிய யூனிட்டைத்தான் எடுக்க வேண்டும். குரூப் கேப்டிவில் பல பங்குதாரர்கள் இருப்பார்கள். 26 சதவீதப் பங்கு, 51 சதவீத நுகர்வு என்ற விதி நிறைவேறியதா என்பது ஆண்டு முடிவில்தான் தெரியும். அவரவருக்கு ஒதுக்கிய யூனிட்டைக் காட்டும் அலாட்மென்ட் தாளைக் கூட்டினால் மொத்த உற்பத்திக்கு மேல் போகக் கூடாது. இந்த ஒரு கூட்டலைத் தணிக்கையாளர் செய்தாலே பாதிப் பிழை பிடிபடும்.

கூரை சோலாரில் ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாதபோது யூனிட் வெளியே போகும். இருவழி மீட்டரில் இறக்குமதிக்கு ஒரு பதிவு, ஏற்றுமதிக்கு ஒரு பதிவு. பில்லில் கடைசியாக வரும் நிகர எண்ணை எடுத்தால் உமிழ்வு குறைந்து தெரியும். இறக்குமதிப் பதிவை அப்படியே எடுக்க வேண்டும். வெளியே போன யூனிட்டைக் கழிக்க முடியாது.

ஜெனரேட்டர் டீசல் 'ஸ்கோப் 1', அதாவது ஆலையே நேரடியாக விடும் உமிழ்வு. லிட்டருக்கு 2.68 கிலோ. ஒரு லிட்டரில் மூன்றரை யூனிட் எடுத்தால் யூனிட்டுக்கு 0.77 கிலோ வரும், கிரிட்டை ஒட்டிய எண்தான். அதனாலோ என்னவோ, இதைத் தூக்கி வாங்கிய மின்சாரத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

யாருடைய யூனிட்

ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, ஒரு ஆர்.இ.சி., அதாவது புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ், என்பது 2010-ல் விதி வந்து 2011-ல் வர்த்தகம் தொடங்கியபோது இருந்த எளிய ஏற்பாடு. மின்சாரம் ஒரு பக்கம் போகும், அதன் பசுமைத் தன்மை சான்றிதழாக இன்னொரு பக்கம் விற்கும். சான்றிதழை விற்றுவிட்ட காற்றாலையின் யூனிட், கணக்கில் சாதாரண கிரிட் யூனிட். நம் மில்லின் 70 லட்சத்துக்கு யாராவது சான்றிதழ் வாங்கி விற்றிருந்தால் சந்தை முறை விடை 3,053-லிருந்து நேராக 8,142-க்குத் திரும்பிவிடும். குரூப் கேப்டிவ் ஒப்பந்தங்களில் இந்தப் பசுமைத் தன்மை யாருக்கு என்று ஒரு வரிகூட இல்லாதவை உண்டு. அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய ஆர்.இ.சி. விதிகள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தன. தொழில்நுட்பத்துக்கேற்பப் பெருக்கெண் வைத்தார்கள். காற்று, சூரியனுக்கு 1. நீர்மின்னுக்கு 1.5. நகரக் குப்பைக்கும், வெப்பமும் மின்சாரமும் சேர்த்து எடுக்கும் புதைபடிவமற்ற இணைமின்னுக்கும் 2. உயிர்ப்பொருளுக்கு 2.5. செலவு அதிகமான தொழில்நுட்பத்தைத் தூக்கிவிட இது நல்ல யோசனை. உமிழ்வுக் கணக்குக்கு இது கண்ணி. புதிய உயிர்ப்பொருள் நிலையம் 1,000 யூனிட் தந்தால் இரண்டரைச் சான்றிதழ் பிறக்கும். அதை வாங்கியவர் சான்றிதழுக்கு 1,000 யூனிட் என்று வைத்து 2,500 யூனிட்டைப் பூஜ்யமாக்கினால், அதில் 1,500 யூனிட் நிலையத்திலிருந்து வந்ததல்ல, காகிதத்திலிருந்து வந்தது. சான்றிதழின் எண்ணிக்கையைப் பார்க்காமல், அதன் பின்னால் உண்மையில் ஓடிய யூனிட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதே விதிகள் சான்றிதழ் விற்கும்வரை காலாவதியாகாது என்றும் ஆக்கின. ஆகவே, எந்த ஆண்டின் உற்பத்தி என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முந்தைய காற்றை இந்த ஆண்டு அறிக்கையில் வீச விடுவது நியாயமில்லை. விலையும் ஒரு சேதி சொல்கிறது. ஒரு காலத்தில் 1,000 ரூபாய் தரைவிலை. அது நீக்கப்பட்ட பிறகு 2024-ல் 100 ரூபாயை ஒட்டி விழுந்தது. யூனிட்டுக்குப் பத்துப் பைசா. அந்தப் பத்துப் பைசாவால் புதிதாக ஒரு காற்றாலை எழும் என்று நான் நம்பவில்லை. ஏற்கெனவே ஓடும் ஆலைக்கு ஒரு சிறு வருமானம், வாங்கியவர் அறிக்கையில் ஒரு பெரிய பூஜ்யம், அவ்வளவே. பணம் இருப்பவர்கள் அதை நேரடிக் கொள்முதல் ஒப்பந்தத்தில் போடட்டும். வாரியத்தைத் தாண்டி வெளியே பசுமை மின்சாரம் வாங்க வழிசெய்யும் 2022-ன் பசுமைத் திறந்தவெளி அணுகல் விதிகள் ஒரு மெகாவாட் என்றிருந்த வாசலை 100 கிலோவாட்டுக்குக் குறைத்திருக்கின்றன. நடுத்தர ஆலைக்கும் இப்போது அந்த வழி திறந்திருக்கிறது.

சான்றிதழ் வாங்காதவர்களின் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. நாட்டில் 100 யூனிட், சராசரி 0.727, மொத்தம் 72.7 கிலோ என்று வைப்போம். அதில் 20 தூய யூனிட்டைச் சிலர் ஒப்பந்தத்தில் தமதாக்கிக்கொண்டால், மிச்சம் 80 யூனிட்தான் அந்த 72.7 கிலோவையும் சுமக்க வேண்டும். யூனிட்டுக்கு 0.909. எஞ்சிய கலவை என்று இதற்குப் பெயர். ஐரோப்பாவில் ஆண்டுதோறும் நாடுவாரியாக வெளியிடுகிறார்கள். இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக வெளிவருவதில்லை. அதனால் எல்லோரும் சந்தை முறையிலும் 0.727-ஐயே போடுகிறோம். நம் மில்லின் 3,053 டன்னும் அப்படி வந்ததுதான். எல்லா அறிக்கைகளையும் கூட்டினால் நாட்டின் உண்மையான உமிழ்வைவிடக் குறைவாக வரும். மத்திய மின்சார ஆணையம் சராசரியோடு சேர்த்து இந்த ஓர் எண்ணையும் வெளியிட வேண்டும். ஒப்பந்தத் தரவும் சான்றிதழ்ப் பதிவேடும் அரசு அமைப்புகளின் கையில்தான் இருக்கின்றன.

மின்சாரம் பிறக்கும் மூலங்களைப் பற்றிச் சில வார்த்தை. கூடங்குளத்தின் இரண்டு 1,000 மெகாவாட் உலைகள் நாட்டின் சராசரியை இரவும் பகலும் கீழே இழுக்கின்றன. ஆனால் அணுமின்னுக்கு ஆர்.இ.சி. கிடையாது, அதன் பெருமையை எந்த ஆலையும் தனியாகக் கேட்டு வாங்க முடியாது. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய நீர்மின் திட்டங்கள் 2019 மார்ச்சில்தான் புதுப்பிக்கத்தக்கவை என்ற பட்டியலுக்குள் வந்தன. காடம்பாறை போன்ற நீரேற்று நிலையத்தின் யூனிட்டைத் தூயது என்று எண்ணுவதில் கவனம் தேவை. 400 மெகாவாட் தரும் அந்த நிலையம் கீழணையிலிருந்து மேலே நீர் ஏற்றும்போது என்ன மின்சாரத்தை எடுத்தது என்பதுதான் கேள்வி. நாலு யூனிட் கொடுத்தால் மூன்றுதான் திரும்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை ஆலைகளின் இணைமின் நிலையம் இன்னும் நுணுக்கமானது. அரவைப் பருவத்தில் கரும்புச் சக்கை எரியும். அந்தக் கார்பன் டை ஆக்சைடைத் தனி வரியில் காட்டி, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடை மட்டும் மொத்தத்தில் சேர்ப்பார்கள். பருவம் முடிந்ததும் அதே கொதிகலனில் நிலக்கரி எரிக்கிற நிலையங்கள் உண்டு. அவற்றிடம் ஆண்டு முழுக்க வாங்கிவிட்டு எல்லாவற்றையும் பூஜ்யம் என்று எழுத முடியாது. மாதவாரி எரிபொருள் பதிவேட்டைக் கேளுங்கள்.

எந்த நேரத்து யூனிட்

இதில்தான் என் மனக்குறை அதிகம்.

பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழி மூன்று வாசல்களிலும் மே முதல் செப்டம்பர் வரை காற்று அடிக்கும். பிறகு ஓயும். பழைய காற்றாலைகளுக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை யூனிட்டைச் சேர்த்துவைக்கும் பேங்கிங் வசதி இருக்கிறது. தமிழ்நாட்டின் நூற்பாலைகள் காற்றாலையில் முதலீடு செய்ததற்கு அந்த வசதி ஒரு பெரிய காரணம். தொழில் கணக்காக அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாரியம் ஜூலை யூனிட்டை எந்தப் பெட்டியிலும் பூட்டி வைப்பதில்லை. ஜூலையிலேயே வேறு யாரோ அதைப் பயன்படுத்தி முடித்துவிட்டார்கள். ஜனவரியில் ஆலைக்கு வருவது அப்போது எரிந்த நிலக்கரி.

நம் மில்லுக்குத் திரும்புவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதத்தில், கூரை சோலார் போக, அதற்கு வேண்டியது 37 லட்சம் யூனிட். காற்றாலை தந்தது 50 லட்சம். மிகுந்த 13 லட்சம் பேங்கிங்கில் போய் டிசம்பருக்குப் பிறகு திரும்பியது. ஆண்டுக் கணக்கில் அதுவும் பூஜ்யம். மாதவாரியாகப் பொருத்தினால் அந்த 13 லட்சத்துக்கு 945 டன் வரும். 3,053 என்பது 3,998 ஆகும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மணிவாரியாகப் போனால் இன்னும் ஏறும்.

சோலார் மட்டும் வாங்கும் ஆலைக்கு இந்த இடைவெளி ஒவ்வொரு நாளும் விழுகிறது. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையின் இரவுத் தேவையைப் பகல் சோலார் யூனிட்டால் ஈடுகட்டியதாக எழுதுகிறார்கள். மின் பரிவர்த்தனைச் சந்தை ஒரு நாளை 15 நிமிடமாக 96 துண்டாக்கி விலை வைக்கிறது. நண்பகலில் விலை படுத்துவிடும். சூரியன் இறங்கியதும் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடும் நாட்கள் உண்டு. விலையில் நாம் ஒத்துக்கொண்ட நேர வித்தியாசத்தைக் கார்பனில் மட்டும் இல்லை என்பது எப்படிச் சரியாகும்?

2025 அக்டோபரில் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் தன் 'ஸ்கோப் 2' விதிகளைத் திருத்தும் வரைவைக் கருத்துக்கு விட்டது. சந்தை முறையில் யூனிட்டை மணிவாரியாகப் பொருத்த வேண்டும், அதே கிரிட்டில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இறக்குமதிப் பொருள்களின் உமிழ்வுக்கு ஐரோப்பா போடும் எல்லைக் கார்பன் வரி ஏற்கெனவே கெடுபிடியாகத்தான் இருக்கிறது. சிமென்ட், உரம் போன்றவற்றில் மின்சாரத்தின் உமிழ்வையும் கேட்கிறார்கள். அங்கே நேரடி இணைப்போ கொள்முதல் ஒப்பந்தமோ இருந்தால்தான் தனி எண் செல்லும். கடையில் வாங்கிய சான்றிதழ் செல்லாது. எஃகுக்கு இப்போதைக்கு நேரடி உமிழ்வு மட்டும்தான்.

மணிவாரிக் கணக்குக்கான தரவு பெரும்பாலும் ஆலையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் எச்.டி. (உயரழுத்த) பில்லில் நுகர்வும் காற்றாலைச் சரிக்கட்டலும் சி1, சி2, சி4, சி5 என்று நேரவாரியாகப் பிரிந்தே வருகின்றன. சி1 காலை உச்சம், சி2 மாலை உச்சம், சி5 இரவு. மாலை உச்சத்தில் காற்று எவ்வளவு ஈடுகட்டியது என்பதை அந்தத் தாளிலிருந்தே எடுத்துவிடலாம். பேங்கிங்கிலிருந்து வந்த யூனிட்டும் தனி வரியாக இருக்கும். அதை நடப்பு மாத உற்பத்தியோடு கூட்டாமல் தனியே வையுங்கள். அதற்கும் மேலே போக விரும்பினால் இரண்டு கோப்புகள் வேண்டும். ஆலையின் மீட்டரிலிருந்து 15 நிமிட லோடு சர்வே என்ற நுகர்வுப் பதிவு, காற்றாலை அல்லது சோலார் முனை மீட்டரிலிருந்து அதே 15 நிமிடப் பதிவு. ஒவ்வொரு துண்டிலும் இரண்டில் எது சிறியதோ அதுவே பொருந்திய யூனிட். மிச்சம் கிரிட். எக்செலில் ஒரே ஒரு ஃபார்முலா, ஆண்டுக்கு 35,040 வரிசை.

அந்த லோடு சர்வே மீட்டருக்குள் அதிக நாள் தங்காது. சில வாரங்களில் புதிய பதிவு பழையதன் மேல் ஏறிவிடும். பிறகு ஆண்டு முடிவில் யாரிடம் கேட்டாலும் கிடைக்காது. மாதாமாதம் ரீடிங் எடுக்கும் நாளிலேயே அதை இறக்கி, மீட்டர் எண், சி.டி. (மின்னோட்ட மாற்றி) விகிதம், பெருக்கெண் மூன்றையும் கோப்பின் முதல் வரியில் எழுதி வையுங்கள். காற்றாலைப் பக்கத்துப் பதிவு குரூப் கேப்டிவ் நடத்துகிறவரின் கையில் இருக்கும். மாதம் ஒருமுறை 15 நிமிடத் தரவைத் தர வேண்டும் என்பதையும், பசுமைத் தன்மை யாருக்கு என்ற அந்த ஒரு வரியோடு சேர்த்து, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.